பொது நிதியில் மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பது நியாயமா?

மாடிவாசி:
சென்னையில் இருபது வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை வைக்கவிருக்கிறேன். மொட்டைமாடி முழுவதற்கும், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் செலவைப் பராமரிப்பு நிதியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது ஒன்று. படுக்கையறைச் சன்னல்கள் திறக்கும் குறுகிய சந்தில் ஏசியின் வெளிப்பெட்டிகளை இனிமேல் பொருத்தக் கூடாது என்பது மற்றொன்று. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தை இரவில்தான் வீட்டுக்குள் இறக்குகிறது என்பதால், மேல்தளத்துக்காரர்களால் அக்னி நட்சத்திர நாட்களில் விடியும்வரை ஏசியை நிறுத்த முடிவதில்லை. மறுப்பிருந்தால் கூட்டத்துக்கு முன்பே அறிய விரும்புகிறேன்.

கணக்கர்:
மறுப்பு இருக்கிறது, நண்பரே. வெள்ளையடிப்பதால் குளிர்பவை மேல்தளத்தின் ஐந்து வீடுகள். பணம் தருபவை இருபது. நம் ஊர்த் தூசியிலும் வடகிழக்குப் பருவமழையிலும் சுண்ணாம்பின் வெண்மை நீடிக்காது என்பதால் இச்செலவு ஆண்டுதோறும் திரும்பி வரும். தவிர, சென்னையின் துன்பம் வெப்பம் மட்டுமன்று, புழுக்கமும்தான். கடற்காற்று தாமதமாகும் நாளில் கூரை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் உடம்பில் வியர்வை உலராது. காற்றின் ஈரத்தையும் சேர்த்து எடுப்பது ஏசிதான். முதுமையில் இருக்கும் என் தாயாருக்கு அது ஆடம்பரம் அன்று. இரண்டாம் தீர்மானத்தை முற்றிலும் எதிர்க்கிறேன்.

மாடிவாசி:
ஏசியே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அதன் வெப்பம் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறேன். ஒன்றரை டன் ஏசி முழுத் திறனில் ஓடும்போது அறையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அது உண்ணும் ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் வெப்பமாகவே வெளியேறுவதால், ஆறரை கிலோவாட் அளவுக்குச் சந்தில் கொட்டப்படுகிறது. அங்கே இப்போதே ஆறு பெட்டிகள் உள்ளன. ஏசி இல்லாத வீட்டார் இரவில் சன்னலைத் திறக்க முடியவில்லை. சூடான காற்றில் நிற்கும் உங்கள் பெட்டியும் அதே குளிர்ச்சிக்கு அதிக மின்சாரம் இழுக்கும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி ஏறுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக்குடி:
இருவரும் உரிமையாளர்களாகவே பேசுகிறீர்கள். எனக்குக் கூரையும் சொந்தமில்லை, சுவரில் துளையிடும் உரிமையும் இல்லை. காலி செய்யும்போது எடுத்துச் செல்லக்கூடியவற்றை மட்டுமே நான் மாற்றினேன். 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார்) விசிறிகளை வாங்கினேன். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டினேன். உள்ளே தொங்கும் திரை, வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகே அதைத் தடுக்கிறது. 2020 முதல் புதிய ஏசிகள் 24 பாகையில் தொடங்குமாறு விதி வந்தது. விசிறியும் ஓடினால் 26 பாகையே போதும் என்பது என் அனுபவம். (தட்டியைப் பார்த்து வீட்டுக்காரர் முகம் சுளித்தார், மின்கட்டணத்தைப் பார்த்துத் தானும் கட்டிக்கொண்டார்.)

கணக்கர்:
தட்டி பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் மொட்டைமாடியில் விழும் மழைதானே குழாய் வழியே நம் கிணற்றுக்கு இறங்குகிறது? 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அமைத்தது அது. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த கோடையில் நம்மைத் தாங்கியதும் அக்கிணறுதான். சுண்ணாம்பு கரைந்து அதில் இறங்கினால் யார் பொறுப்பு?

மாடிவாசி:
நியாயமான கேள்வி. முதல் இரண்டு மழையின் நீரை வெளியேற்ற, குழாயில் தனி அடைப்பான் பொருத்த வேண்டும். தூசிக்காகவும் பறவை எச்சத்துக்காகவும் அதை முன்பே செய்திருக்க வேண்டும். சுண்ணாம்பை விட வெள்ளை ஓடு பதிப்பது நீடிக்கும், தண்ணீரிலும் கரையாது, ஆனால் செலவு பல மடங்கு. சுண்ணாம்புச் செலவில் பாதியை மேல்தளத்து ஐந்து வீடுகள் ஏற்கட்டும். மழைநீர்க் குழாய் பொதுச்சொத்து என்பதால் அடைப்பான் செலவு பொது நிதியில் இருக்கட்டும்.

கணக்கர்:
அப்படியானால் முதல் தீர்மானத்தில் கையெழுத்திடுகிறேன். இரண்டாவதில் இல்லை. பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றச் சொன்னால், தரைத்தள வீட்டுக்குச் செம்புக் குழாய் அத்தனை மாடிகளும் ஏற வேண்டும். அச்செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாடிவாசி:
கீழ் இரண்டு தளங்களுக்குத் தெருப்பக்கச் சுவர் இருக்கிறதே. ஞாயிறு காலை டேப்புடன் வருகிறேன். நீங்களே அளந்து பாருங்கள்.