கொடைக்கானல் பங்களாவில் கிடைத்த குண்டு டயர் சைக்கிள்: எந்த வருஷத்து வண்டி?

செண்பகனூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலில் தெரிந்தவர் ஒருவர் பழைய பங்களா வாங்கினார். மதுரைப் பக்கம் இருந்த அமெரிக்க மிஷனரிக் குடும்பம் கோடைக்கு வந்து தங்கிய வீடு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். விறகுக் கொட்டகையில் கிடந்த சைக்கிளை எனக்கே கொடுத்துவிட்டார். நம்ம ஊர் ஹெர்குலிஸ், ராலே சாயலே இல்லை. டயர் மொபெட் டயர் அளவுக்குக் குண்டு. பிரேக் லிவரும் கிடையாது, பிரேக் கம்பியும் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரம் கப்பென்று பிடிக்கிறது. பெடலைத் தாங்குகிற இரண்டு பக்கக் கிராங்கும் ஒரே இரும்பை வளைத்துச் செய்தது, கிராங்கை அச்சோடு இறுக்குகிற கோட்டர் பின்னே இல்லை. முன்னால் கம்பெனி பேர் போட்ட பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும். அரக்குச் சிவப்புப் பெயிண்ட், ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, மட்கார்டில் நிறைய துரு. ஏரிப் பக்கம் ஒரு கடையில் காட்டினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பவுடர் கோட்டிங் (பொடிப் பெயிண்டைச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது) கொடுத்தால் புதுசாகிவிடும் என்றார். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், டயர் கிடைக்குமா? பெயிண்ட் அடிக்கலாமா?

குன்னூர் பழைய வண்டி:
தம்பி, தயவுசெய்து உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். வண்டி யாருடையது, எப்போதையது என்று சொல்லப்போகிற அடையாளம் எல்லாம் அந்தப் பெயிண்டிலும் துருவுக்கு அடியிலும்தான் இருக்கிறது. முதலில் படியுங்கள், அப்புறம் துடையுங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்தே இது அமெரிக்க வண்டி என்று சொல்லலாம். இங்கிலாந்து வண்டி என்றால் பெரும்பாலும் 28 இஞ்ச் சக்கரம், ராடு பிரேக், கோட்டர் பின் கிராங்க் என்று இருக்கும். 1933இல் சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 26 x 2.125 டயரோடு வண்டி இறக்கியது, ஃபிராங்க் ஷ்வின் ஜெர்மனியில் பார்த்துவிட்டு வந்த யோசனை. அதற்கு முன் அங்கே ரிம்மில் ஒட்டுகிற ஒற்றைக் குழாய் டயர்தான், பஞ்சரானால் பெரிய அவஸ்தை. மற்ற கம்பெனிகளும் சீக்கிரமே இந்தப் பக்கம் வந்துவிட்டன. அதனால் 1933க்கு முந்தையது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேட்ஜ் போனதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஒரே தொழிற்சாலை பல கடைக்காரர்களுக்கு வெவ்வேறு பேட்ஜ் அடித்து விற்ற காலம் அது, பேட்ஜ் இருந்திருந்தாலும் பாதிக் கதைதான் சொல்லும். மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, முன் பல்சக்கரம்: பற்கள் நெருக்கமாக இருக்கிறதா, ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் ஓர் இஞ்ச் விட்டு இருக்கிறதா? இடைவெளி விட்ட பல் என்றால் பெரும்பாலும் ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டி. இரண்டு, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து கிராங்க் போகிற குழாயின் அடியில் எண் குத்தியிருக்கிறதா என்று மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். மூன்றுதான் முக்கியம், பின் ஹப்பில், அதாவது பிரேக்கை உள்ளே வைத்திருக்கிற பின்சக்கரத்து நடு உருளையில், என்ன எழுதியிருக்கிறது?

வத்தலக்குண்டு வேலு:
அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் கொடைக்கானல் பனியை மறந்துவிடக் கூடாது. வருஷத்தில் பாதி நாள் சுவரே நனைந்து கிடக்கிற ஊர். பெயிண்ட் உரிந்த இடத்தை அப்படியே விட்டால் அடுத்த மழைக்குள் ஓட்டை விழுந்துவிடும். ஓட்டத்தானே வண்டி, நான் என்றால் பவுடர் கோட்டிங்தான்.

குன்னூர் பழைய வண்டி:
வேலு, குன்னூரிலும் அதே பனிதான். பவுடர் கோட்டிங்குக்கு முன் மணல் அடித்துச் சுரண்டுவார்கள், கையால் போட்ட அந்த வெள்ளைக் கோடு போனால் போனதுதான். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, காய வைத்து, கார் வாக்ஸ் இரண்டு கை பூசினால் பெயிண்ட் தாங்கும். துரு உள்ளேயிருந்துதான் தின்னும், அதனால் சீட் கம்பியைக் கழற்றிக் குழாய்க்குள் எண்ணெய் விட்டு வண்டியை எல்லாப் பக்கமும் சாய்த்து ஓட விடுங்கள். குரோமுக்குச் சமையலறை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும்.

செண்பகனூர்வாசி:
பார்த்துவிட்டேன் அண்ணே. பல் இடைவெளி விட்டுத்தான் இருக்கிறது, செயினும் ஒரு கண்ணி நீளம் ஒரு கண்ணி குட்டை என்று மாறி மாறி வருகிறது. அடியில் எண் இருக்கிறது, ஓர் எழுத்தும் சில இலக்கங்களும். ஹப்பில் கிரீஸைத் துடைத்ததும் "மாரோ" என்று இங்கிலீஷில் தெரிந்தது, பக்கத்தில் சின்னதாக எச், 3.

குன்னூர் பழைய வண்டி:
அருமை! நியூயார்க் மாநிலம் எல்மைராவில் எக்லிப்ஸ் கம்பெனி செய்த ஹப் அது. அதில் எழுத்து வருஷத்தையும் எண் காலாண்டையும் குறிக்கும், ஏ என்றால் 1931. எண்ணிக்கொண்டே வாருங்கள், எச் என்றால் 1938, மூன்றாம் காலாண்டு. ஹப்பை யாராவது பின்னால் மாற்றியிருக்கலாம்தான், ஆனால் செயினும் டயரும் அதே காலத்தைச் சொல்வதால் 1938 கடைசி அல்லது 1939 வண்டி என்று தைரியமாகச் சொல்வேன். கம்பெனியைச் சொல்ல அடி எண்ணும் ஃப்ரேம் மூட்டுகளின் படமும் வேண்டும், போடுங்கள். ஷ்வினாகவே இருந்தாலும் 1948க்கு முந்தைய எண் பதிவேடு அங்கே தீயில் போய்விட்டது, அதனால் வருஷத்துக்கு ஹப்பைத்தான் நம்ப வேண்டும்.

டயர் கவலை வேண்டாம். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. இருந்தால் இப்போதைய மவுண்டன் பைக் 26 x 2.125 அப்படியே ஏறும். 26 x 1 3/8 என்று கடையில் கொடுப்பது 590, ஏறாது. பெடல் மாற்ற வேண்டியிருந்தால் கவனம், ஒற்றைக் கிராங்குக்கு அரை இஞ்ச் மரை, நம்ம கடைப் பெடல் 9/16. கிராங்கைக் கழற்றும்போது இடது பக்க நட்டு தலைகீழ் மரை, கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கமான செயினைப் போட்டு அமுக்காதீர்கள், இருப்பதையே மண்ணெண்ணெயில் ஊற வைத்து ஒவ்வொரு கண்ணியாக அசைத்துவிடுங்கள்.

வத்தலக்குண்டு வேலு:
சரி, பவுடர் கோட்டிங்கை விட்டுவிடுகிறேன். இதை ஓட்டிக்கொண்டு வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்கலாமா அண்ணே?

குன்னூர் பழைய வண்டி:
வேண்டவே வேண்டாம். பின் ஹப் ஒன்றுதான் பிரேக், நீண்ட இறக்கத்தில் சூடேறி உள்ளே இருக்கிற கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். எழுபதுகளில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் இதே மாதிரிப் பழைய வண்டிகளில் மண் மலைச்சரிவில் பந்தயம் இறங்கியவர்கள் ஒவ்வோர் இறக்கத்துக்கும் பிறகு ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது, மவுண்டன் பைக்கே அங்கிருந்துதான் வந்தது. ஏரியைச் சுற்றி ஓட்டுங்கள், அந்த ஐந்து கிலோமீட்டர் கிட்டத்தட்ட சமதரைதான். அதற்கு முன்னாலும் ஹப்பை ஒருமுறை பிரித்து, காய்ந்து இறுகிய பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிது போட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.