எயார் சஸ்பென்சன் கொம்பிரசருக்குத் தமிழ் என்ன? திங்களுக்குள் வேண்டும்

மருதானையிலிருந்து:
வணக்கம். மோட்டார் மெக்கானிக் வகுப்புக்குத் தமிழில் கைந்நூல் எழுதுகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. டிஸ்கவரி 3 போன்ற ஜீப்புகளில் காற்றுப் பையில் நிற்கும் சஸ்பென்சனைப் பழுது பார்ப்பது பற்றிய பாடம். கணினி மொழிபெயர்த்த வரைவில் 'காற்று இடைநீக்க அமுக்கி' என்று இருக்கிறது. காற்றை யார் ஐயா வேலையிலிருந்து நிறுத்தினது என்று பொடியள் கேட்பார்கள்.

பாடத்தில் சொல்வது இதுதான். இரவு நிறுத்தின வண்டி காலையில் ஒரு மூலை பதிந்து கிடந்தால் உடனே பைகளுக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரில் பழி போடக் கூடாது. அந்தப் பையிலோ வால்வுக் கட்டையிலோ கசிவு இருக்கும், சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவை விட்டுவிட்டுக் கொம்பிரசரை மட்டும் மாற்றினால் புதியதும் ஓடி ஓடிச் சூடேறித் தேய்ந்து போகும். சஸ்பென்சன், கொம்பிரசர், காற்றின் ஈரத்தை எடுக்கும் ட்ரையர் மூன்றுக்கும் சொல் தாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
தம்பி, 'அமுக்கி' வேண்டாம். நமது பாடநூல்களில் அமுக்கம் (பிரஷர்) என்பது வேறு, நெருக்கல் (கொம்பிரஷன்) என்பது வேறு. ஒலியலைப் பாடத்தில் நெருக்கலும் ஐதாக்கலும் படித்தோமே! ஆகவே நெருக்கி. காற்று என்பதும் கூடாது, வளி. கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் 'வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்று பாடியபோது வளி கப்பலை ஓட்டியது, இங்கே ஜீப்பைத் தூக்குகிறது. வளைந்து சுழல்வதால் வளி என்பது என் எண்ணம், அதை விரிவாகத் தனியே எழுதுகிறேன். முடிவு: வளித்தொங்கல் நெருக்கி.

பஞ்சிகாவத்தையிலிருந்து:
ஐயா, அப்படிக் கேட்டால் இங்கே ஒரு உதிரிப்பாகக் கடையிலும் சாமான் கிடைக்காது. நெருக்கி என்றால் எனக்குக் காலி வீதி பஸ்தான் ஞாபகம் வருகிறது. வண்டி தொங்கவும் இல்லை, பையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சொல்லை விடுங்கள், பாடத்தில் கொம்பிரசருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைக் காணவில்லையே? அது ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருந்து எரியும். கொம்பிரசரை மாற்றும்போது ரிலேயையும் மாற்றச் சொல்லி எழுதுங்கள். பழைய ஹிட்டாச்சி கொம்பிரசரைக் கழற்றி ஏஎம்கே கம்பனியின் கொம்பிரசரைப் போட்டால் வண்டியின் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
உட்கார்ந்திருப்பது என்றால் 'தாங்கல்' சரிவரும். ஆனால் வேடந்தாங்கல், பழவந்தாங்கலில் வரும் தாங்கல் ஏரி. அப்புறம் சுமைதாங்கிக் கல் இருக்கிறதே, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வழியோரத்தில் நாட்டுவது, தலைச்சுமையை இறக்கி வைக்க. வளிச்சுமைதாங்கி என்றால் எவ்வளவு அழகு! ட்ரையருக்கு உலர்த்தி போதும். உள்ளே இருக்கும் சிலிக்கா மணிகள் ஈரத்தை உறிஞ்சிக் களைத்துவிட்டால் தண்ணீர் வால்வுக்குள் போய்விடும் என்பதையும் சேருங்கள்.

பஞ்சிகாவத்தையிலிருந்து:
உலர்த்திக்கு என் வாக்கு. சுமைதாங்கி லொறிக்குப் பொருந்தும்.

மருதானையிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. நேரமில்லை, அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பில் 'வளித்தாங்கல் அமுக்கி', முதல் பந்தியில் ஒருதரம் கொம்பிரசர் என்று விளக்கம், பிறகு முழுக்கக் கொம்பிரசர்தான். உலர்த்தி அப்படியே. ரிலே பகுதியைச் சேர்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து:
அமுக்கி என்றதும் எனக்கு அமுக்கிராக் கிழங்குதான் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் பதிப்பில் நெருக்கி என்று திருத்துங்கள், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ரிலேக்கு என்ன போட்டீர்கள்? விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் என்கிறோமே, 'அஞ்சல்' என்றே போடலாம்.

பஞ்சிகாவத்தையிலிருந்து:
ஐயா, அஞ்சல் எரிந்துவிட்டது என்று எழுதினால் பொடியள் தபால் கந்தோருக்கு ஓடுவார்கள்.