டிரைவ்-இன் தியேட்டருக்கு முதல் தடவை போகிறோம், யோசனை சொல்லுங்கள்

புதுக்குடி:
அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் அலன்டவுன் பக்கம் குடிவந்திருக்கிறோம். காரில் உட்கார்ந்தபடியே திறந்தவெளித் திரையில் படம் பார்க்கலாமாமே, ஓர்ஃபீல்டில் உள்ள அந்த ஷாங்க்வைலர்ஸ் டிரைவ்-இன்னுக்குப் போக வீட்டில் ஒரே பிடிவாதம். பையனுக்கு நாலு வயது. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

கடைசிவரிசை:
தாராளமாகப் போங்கள். 1934-இல் திறந்தது, அமெரிக்காவில் இன்றும் ஓடுகிற டிரைவ்-இன்களில் அதுதான் மிகப் பழையது. ஜூலையில் இருட்டவே ஒன்பது ஆகிவிடும், படம் அப்புறம்தான். பையனுக்கு நைட் டிரஸ் மாட்டியே கூட்டிப்போங்கள்.

வசனம் எஃப்எம்மில் வரும். கார் ரேடியோ மணிக்கணக்கில் ஓடினால் பேட்டரி இறங்கலாம், சின்ன ரேடியோ ஒன்று கையில் இருக்கட்டும். எஸ்யூவி என்றால் பின்பக்கம் திரையைப் பார்க்க நிறுத்தி, டிக்கிக் கதவைக் கூரை மட்டத்துக்கு மேலே போகாமல் கயிற்றால் கட்டுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். நியாயம்தானே!

சாப்பாடு விஷயம்: டிக்கெட் காசில் பெரும்பங்கு படக் கம்பெனிக்கே போகிறது. தியேட்டர்காரர் பிழைப்பது பாப்கார்ன் கடையில்தான். 1950-களின் கடைசியில் நாடு முழுக்க சுமார் 4,000 டிரைவ்-இன்கள் இருந்தன, இன்று 300 சொச்சம். நிலத்துக்கு விலை ஏறியது, பிலிம் போய் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்தது, பலர் மூடிவிட்டார்கள். அதனால் நான் அங்கேயே வாங்கிச் சாப்பிடுகிற கட்சி. சில இடங்களில் தனிக் கட்டணம் கட்டி வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்மினி:
தானாக எரியும் ஹெட்லைட்டை அணைப்பது எப்படி என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். கொசு மருந்தும் மறக்காதீர்கள்.