வெப் அப்ளிகேஷன்: வலைச்செயலியா, வலைப் பயன்பாடா?

நண்பர்களுக்கு வணக்கம்,

பிரவுசர்ல திறந்து வேலை செய்ற மென்பொருளத்தான் வெப் அப்ளிகேஷன்ங்கிறோம். அதுக்குத் தமிழ்ல "வலைப் பயன்பாடு"ன்னு பேர் வைக்கலாம்ங்கிற யோசனைய என்னால ஏத்துக்க முடியல. "வலைப் பயன்பாடு பெருகியுள்ளது"ன்னு ஒரு வரி எழுதிப் பாருங்க, மக்கள் வெப்ப அதிகமா பயன்படுத்துறாங்கன்னுதான் யாருக்கும் தோணும், புதுசா நிறைய அப்ளிகேஷன் வந்திருக்குன்னு தோணவே தோணாது.

இன்னொரு யோசனையான "இணையச் செயலி"யும் இடிக்குது. இணையம் வேற, அது மேல ஓடுற வலை (வெப்) வேற. வலைய உருவாக்கின டிம் பெர்னர்ஸ்-லீ 1989ல வலைக்கான முன்மொழிவ எழுதுறப்பவே இணையம் இருந்துச்சு, மின்னஞ்சல் அதுல போய்ட்டு வந்துட்டுதான் இருந்துச்சு. தண்டர்பேர்டுங்கிற மெயில் மென்பொருளுக்கும் மெயில் எடுக்க இணையம் வேணும், ஆனா அத கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணணும். ஜிமெயில் பிரவுசர்ல முகவரி அடிச்சா வந்து நிக்குது. இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டாத சொல்ல வச்சு என்ன பண்றது? உலாவின்னா பிரவுசர், அதனால "உலாவிச் செயலி"ன்னா குரோம், ஃபயர்ஃபாக்ஸ்னு நினைச்சுக்குவாங்க.

என் ஓட்டு வலைச்செயலிக்குத்தான். "செயலி"ன்னா ப்ராசஸர் ஆச்சேன்னு கேக்குறவங்களுக்கு, அதுக்கு நுண்செயலி இருக்கு, ஆப்புக்கு செயலிங்கிறது மக்கள் வாயில ஏறிடுச்சு, அத இறக்கவும் வேணாம்.

"வலைத்தளம்"னே சொன்னா போதாதான்னா, போதாது. முன்னெல்லாம் ஒரு லிங்க அமுக்கினா மொத்த பக்கமும் வெள்ளையாகி திரும்ப லோட் ஆகும். 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல பக்கத்த மாத்தாமலே சர்வர்கிட்ட (தளத்த நடத்துற கம்ப்யூட்டர்) டேட்டா கேட்டு வாங்குற வசதி வந்துச்சு, ஆனா 2004ல ஜிமெயிலும் 2005ல கூகுள் மேப்ஸும் வந்தப்புறந்தான் பரவலா எல்லாரும் அத உணர்ந்தாங்க. மேப்ப மவுஸால இழுத்தா பக்கம் அப்படியே இருக்கும், ஓரத்துல சதுரம் சதுரமா படங்க வந்து ஒட்டிக்கும். அது படிக்கிற பக்கம் இல்ல, வேலை செய்ற மென்பொருள்.

இப்ப இதுக்கு எதிர்ப்பக்கம், கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற டெஸ்க்டாப் சாஃப்ட்வேர். "மேசைக்கணினி மென்பொருள்"னு எழுதுறோம், லேப்டாப்ல போட்டா அது என்னவாம்? மேசையா மடியாங்கிறதா இங்க விஷயம், நிரல் நம்ம கம்ப்யூட்டர்ல நிறுவியிருக்கா, சர்வர்ல இருந்து வருதாங்கிறதுதானே. அதனால "நிறுவுமென்பொருள்"னு சொல்றேன். குடிநீர், வளர்பிறை மாதிரி வினைத்தொகை, நிறுவிய நிறுவுகிற நிறுவும் மூணு காலத்துக்கும் ஒத்துவரும்.

இத நான் வீம்புக்கு கேக்கல. மென்பொருளோட உதவிப் பக்கத்த மொழிபெயர்க்கிறப்ப "புதிய பதிப்பைப் பதிவிறக்கி நிறுவவும்"னு பழக்கத்துல எழுதிடுறோம், வலைச்செயலில அதுக்கு வேலையே இல்ல, சர்வர்ல மாத்தினா அடுத்த தடவ திறக்குறப்ப எல்லாருக்கும் புதுசு வந்துடும், பழசே போதும்னு வச்சுக்கவும் பெரும்பாலும் முடியாது. கூகுள் டாக்ஸ்ல "சேமி" பட்டனே கிடையாது, டைப் பண்ணப் பண்ண அதுவே சேமிச்சுக்கும். நெட் போச்சுன்னா என்ன ஆகும், ஃபைல் எங்க இருக்குன்னு பயனர் கேப்பாங்க, எந்த வகைன்னு பேர்லயே தெரிஞ்சாத்தான் நாம சரியா பதில் எழுத முடியும்.

பிரவுசர்லயே "இன்ஸ்டால்"னு ஒரு பட்டன் வருதே, அப்ப நிறுவுமென்பொருள் எதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. நான் வச்சிருக்கிற அளவுகோல் வலை முகவரிதான். ஐகான் போட்டுக்கிட்டாலும் முகவரில இருந்து வர்றது வலைச்செயலிதான். நிரல் எழுதுற எடிட்டரான விஎஸ் கோட் உள்ளுக்குள்ள வெப் நுட்பத்துலதான் செஞ்சிருக்கு, ஆனாலும் டவுன்லோட் பண்ணிப் போட்டா நிறுவுமென்பொருள், அதே எடிட்டர பிரவுசர்ல முகவரி அடிச்சு திறந்தா வலைச்செயலி.

இதுல எங்கயாவது பொருந்தாத மென்பொருள் இருந்தா எடுத்து வைங்க, பேசுவோம்.