வாளியில் உருளைக்கிழங்கு: செடி தழைக்கிறது, கிழங்கைக் காணோம். என்ன செய்யலாம்?

பல்கனித்தோட்டம் (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது கடற்கரைப் பக்கம் பார்த்த தொடர்மாடி, நாலாம் மாடி. பல்கனியில் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை நல்ல வெயில். பொங்கல் முடிந்த கையோடு, வீட்டில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்கை வெட்டி 20 லீற்றர் பெயின்ட் வாளிகளில் நட்டேன். கறுப்பு வாளி, அடியில் துளை போட்டது. பாதி செம்மண், பாதி தும்புத்தூள், கொஞ்சம் மாட்டெரு. வாரத்துக்கு ஒரு தடவை யூரியா கரைத்து ஊற்றினேன். தண்டு உயர உயர மண்ணும் அணைத்தேன். செடி பார்க்க அவ்வளவு வடிவாக வந்தது.

புதுவருடம் கழிந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் கிழங்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளையாக நீண்ட தண்டுகள், நுனியில் கச்சான் பருமனில் இரண்டு மூன்று உருண்டைகள். சில தண்டுகள் திரும்ப மேலே வந்து இலையே விட்டிருக்கின்றன. மகள் தன் கையால் கிண்டி எடுக்க வேண்டும் என்று காத்திருந்தவள். யாழ்ப்பாணத்தில் இதே வெயிலில்தானே விளைகிறது? பிழை மண்ணிலா, பசளையிலா, கிழங்கிலா?

இன்னொரு விஷயம். பக்கத்து வாளியில் நின்ற தக்காளி பச்சை மாறாமலே திடீரென்று வாடித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியும் எழும்பவில்லை.

மாடிக்கீரை (தெஹிவளை)

தங்கச்சி, மண்ணில் பிழை இல்லை. இரவுச் சூட்டில்தான் விஷயம் இருக்கிறது. உருளைக்கிழங்கு பகலில் இலையில் செய்யும் மாப்பொருளை இரவில் கீழே அனுப்பிச் சேர்த்து வைக்கும். அதற்கு இரவு 15 முதல் 18 பாகை வரை இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டத் தாண்டக் கிழங்கு கட்டுவது குறைந்துகொண்டே போகும். 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் குளிருக்குக் குறைவில்லை. கொழும்பில் மார்கழி, தையில்கூட இரவு 22 அளவில்தான் இருக்கும். பங்குனி, சித்திரையில் 24, 25. நீங்கள் தையில் நட்டபடியால், கிழங்கு கட்டத் தொடங்க வேண்டிய நேரம் சரியாக ஊரே புழுங்கும் மாதங்களில் வந்து விழுந்திருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்த வெள்ளைத் தண்டுதான் கிழங்குத் தண்டு. மண் குளிர்ச்சியாக இருந்தால் அதன் நுனி பருத்துக் கிழங்காகும். சூடாக இருந்தால் நீண்டு நீண்டு போய் மேலே வந்து இலை விட்டுவிடும். நீங்கள் கண்டது அதுதான். கறுப்பு வாளியும் மேற்கு வெயிலும் சேர்ந்தால் மண் இன்னும் மோசமாகச் சுடும். பிற்பகல் மூன்று மணிக்கு வாளியின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், விளங்கும். யூரியாவும் இலையைத்தான் வளர்க்கும். கிழங்குக் காலத்தில் அதைத் தொடர்ந்து கொடுத்தால் கிழங்கு கட்டுவது இன்னும் பிந்தும்.

செம்மண் (வத்தளை)

யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டபடியால் எழுதுகிறேன். வலிகாமத்துச் செம்மண்ணில் உருளைக்கிழங்கு செய்த குடும்பம் நாங்கள். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் எங்கள் பக்கத்துக் கமக்காரரை நிமிர்த்தின. ஆனால் அங்கேயும் வருடம் முழுக்க நடமாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனிக்குள் கிண்டி எடுத்துவிடுவார்கள். பனி விழும் அந்தச் சின்ன இடைவெளியை விட்டால் அங்கேயும் கிழங்கு இல்லை. அதோடு, தரைமண் ஒரு சாண் கீழே குளிர்ந்தே இருக்கும். வாளி மண்ணுக்கு நாலு பக்கமும் வெயில்.

விதைக் கிழங்கும் வேறு. கடையில் விற்கும் கிழங்கில் எத்தனையோ இறக்குமதி. என்ன இனம், என்ன நோயோடு வந்தது என்று தெரியாது. முளைவிடாமல் இருக்க மருந்து போட்டதும் உண்டு. கமக்காரர் நடுவது கிரனோலா மாதிரி இனம் தெரிந்த விதைக் கிழங்கு.

மகளுக்காகத்தான் என்றால், கார்த்திகைக் கடைசியில் இன்னொரு தடவை நடலாம். வாளிக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள், அல்லது ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். பிற்பகல் வெயில் படாமல் பச்சை நிழல்வலை பிடியுங்கள். மண்ணுக்கு மேல் காய்ந்த இலை தடிப்பாகப் போடுங்கள். தேசிக்காய்ப் பருமனில் கொஞ்சம் வரலாம். கறிக்குப் போதாது, பிள்ளை பார்க்கப் போதும். பச்சை நிறமான கிழங்கையும், செடியில் காய்க்கும் சின்னக் காயையும் வாயில் வைக்க விடாதீர்கள். இரண்டும் நஞ்சு.

விதைமுளை (கொட்டாஞ்சேனை)

அக்கா, தக்காளி ஒரே நாளில் பச்சையாகவே வாடினால் பக்ரீரியா வாடல் நோயோ என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். தண்டை அடியில் வெட்டி ஒரு விரல் நீளத் துண்டு எடுங்கள். கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டு வாய் மட்டும் தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாகக் கீழே இறங்கினால் அது அந்த நோய்தான். மருந்து இல்லை. செடியைக் கட்டிக் குப்பையில் போடுங்கள், கூட்டெருவில் சேர்க்க வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நாலும் ஒரே குடும்பம். அந்த மண்ணில் நாலில் எதையும் நடக் கூடாது. பயித்தங்காயோ கீரையோ போடலாம். கத்தியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு மற்றச் செடியைத் தொடுங்கள்.

பல்கனித்தோட்டம் (வெள்ளவத்தை)

மூன்று பேருக்கும் மிச்சம் நன்றி. இப்போதுதான் கிளாசில் வைத்துப் பார்த்தோம். மகள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளை நூல் மாதிரித் தெளிவாக இறங்கியது. தக்காளியைப் பையில் கட்டிவிட்டேன். சரி, மிச்ச உருளைக்கிழங்கு வாளிகளை என்ன செய்வது? கார்த்திகை வரை சும்மா வைத்திருக்க மனமில்லை. கிண்டி எடுக்கிற மாதிரி வேறு ஏதாவது வருமா?

மாடிக்கீரை (தெஹிவளை)

வத்தாளை (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) போடுங்கள், தங்கச்சி. எங்கள் சூட்டுக்கென்றே பிறந்த கிழங்கு அது. சந்தையில் தோல் உரியாத ஒன்றை வாங்கி, ஈரத் தும்புத்தூளில் பாதி புதைத்து வையுங்கள். கொடி ஒரு அடி வந்ததும் வெட்டி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சரித்து நடுங்கள். வாளிக்கு ஒரு கொடி போதும். உரப்பை என்றால் இரண்டு. விதைத் திணைக்களத்து இனம் கிடைத்தால் வாரியப்பொல சிவப்பு நல்லது. யூரியாவைத் தொடவே வேண்டாம். விறகுச் சாம்பல் ஒரு பிடி போதும், கிழங்குக்குச் சாம்பல் சத்துத்தான் தேவை. கொடி பக்கத்து வாளியில் வேர் பிடிக்காமல் இடைக்கிடை தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்து அங்கே போய்விடும். நாலு மாதம் போல ஆகும். அதுவரை இளம் நுனியைக் கிள்ளி வறை வறுக்கலாம், ஆனால் அளவோடு.

இஞ்சியும் அரைநிழலில் உரப்பையில் நன்றாக வரும், எட்டு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். மரவள்ளியும் இராசவள்ளியும் பல்கனிக்கு வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கடலைப் பார்த்த பல்கனியில் இலை ஓரம் கருகினால் நோய் என்று மருந்தடிக்காதீர்கள். பெரும்பாலும் உப்புக்காற்று. காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட்டால் போதும்.

செம்மண் (வத்தளை)

நனைந்த மண்ணோடு ஒரு வாளி 20, 25 கிலோ வரும். எல்லாவற்றையும் பல்கனி விளிம்பில் வைக்காமல் சுவர்ப் பக்கம் வையுங்கள். மழை தொடங்கினால் வாளிக்குக் கீழ் வைக்கும் தட்டுகளை எடுத்துவிடுங்கள், அல்லது மணல் நிரப்புங்கள். டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும். பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வந்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மேலே இனம் சொன்னவருக்கு ஒரு சின்னத் திருத்தம்: வாரியப்பொல சிவப்பு விவசாயத் திணைக்களத்தின் இனம். வேறு சந்தேகம் வந்தால் அவர்களுடைய ஆலோசனைச் சேவைக்கு 1920க்கு எடுங்கள்.

பல்கனித்தோட்டம் (வெள்ளவத்தை)

குறித்துக்கொண்டேன், ஐயா. வத்தாளை இன்றைக்கே வாங்கி வைக்கிறேன். கொடி வந்ததும் எந்த இடத்தில் வெட்டுவது என்று படம் போட்டுக் கேட்பேன், அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.