புது கார் கொட்டேஷன்: மூன்று டீலர், மூன்று கணக்கு. எதைப் பிடித்துப் பேரம் பேசுவது?

முதல்கியர் (கேள்வி)

மாடலும் வேரியண்டும் முடிவாகிவிட்டது. மூன்று டீலர்களிடம் கொட்டேஷன் வாங்கியாயிற்று, ஆனால் ஒன்றோடு ஒன்று ஒப்பிடவே முடியவில்லை. ஒருவர் தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டிவிட்டு ஆக்சஸரீஸ் பேக் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். இரண்டாமவர் பழைய காருக்கு நல்ல விலை தருகிறார், புதுக் காரில் மட்டும் ஒரு பைசா இறங்க மாட்டேன் என்கிறார். மூன்றாமவர் விலையே சொல்லவில்லை. "மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க சார், அதுக்கேத்த மாதிரி பண்ணிடலாம்" என்கிறார்.

பாதித் தொகை கையில் இருக்கிறது, பாதி லோன். எங்கே ஆரம்பிப்பது? எவ்வளவு வரை இறங்குவார்கள்? மாதக் கடைசி வரை காத்திருந்தால் பலன் உண்டா?

கணக்குச்சாவி

மூன்றாமவரின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள். மாதத் தவணையைச் சொன்ன நொடியே கார் விலை பேச்சிலிருந்து காணாமல் போய்விடும். கடன் 100, வட்டி 9% என்று வையுங்கள். 60 மாதத்துக்குத் தவணை 2.08, மொத்தம் கட்டுவது சுமார் 124.5. அதையே 84 மாதமாக இழுத்தால் தவணை 1.61, மொத்தம் 135. தவணை குறைந்ததைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம். காரின் விலையில் ஒன்றும் குறைந்திருக்காது.

ஷோரூமில் நடப்பது ஒரு பேரம் இல்லை, நான்கு: புதுக் காரின் விலை, பழைய காரின் விலை, லோன், இன்ஷூரன்ஸோடு சேர்ந்த மற்ற சாமான்கள். நான்கையும் ஒன்றாகப் பேசினால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் இரண்டாவது டீலர் செய்வது அதுதான். புதுக் காரின் விலை எழுத்தில் வரும்வரை பழைய கார் பேச்சையே எடுக்க வேண்டாம். அதற்குமுன் பழைய கார் வாங்கும் இரண்டு இடங்களில் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸையும் (பழைய காரைக் கொடுத்தால் கூடுதலாகத் தரும் தொகை) சேர்த்து டீலர் அதைவிட அதிகம் தந்தால் அங்கேயே கொடுங்கள், இல்லாவிட்டால் வெளியே விற்றுவிடுங்கள்.

இப்போது மூன்று கொட்டேஷனையும் ஒரே தாளில் கட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: காரின் அடிப்படை விலை, ரொக்கத் தள்ளுபடி, வரியும் பதிவும், இன்ஷூரன்ஸ், வாரண்டி, ஆக்சஸரீஸ், கையாளும் கட்டணம். வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போவது; ஒரே இடத்தில், ஒரே காருக்கு மூன்று பேரிடமும் ஏறக்குறைய ஒரே தொகைதான் வர வேண்டும். தள்ளுபடி போக மீதி விலைக்கு வரி போடும் இடங்களில் அதற்கேற்ற சின்ன வித்தியாசம் வரும், அவ்வளவுதான். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வரிசையில் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது.

பிறகு மூவருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்:

"இந்த மாடல், இந்த வேரியண்ட், இந்த நிறம். எக்ஸ்சேஞ்ச் இல்லை. ஆக்சஸரீஸ், கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி எதுவும் வேண்டாம். எல்லாம் சேர்த்து நான் கட்ட வேண்டிய கடைசித் தொகை எவ்வளவு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, இந்த விலை எந்தத் தேதிவரை செல்லும், வண்டி யார்டில் இருக்கிறதா, எந்த மாதத் தயாரிப்பு? எழுத்தில் அனுப்பவும்."

"நேரில் வாங்க சார், பேசிக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அவரைக் கடைசியில் வையுங்கள். குறைந்த தொகை சொன்னவரின் தாளை மற்ற இருவருக்கும் காட்டி ஒரே ஒரு முறை கேளுங்கள். நாலைந்து முறை சுற்றிச் சுற்றிக் கேட்டால் யாரும் உங்களை வாங்குபவராகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கவுண்டர்பக்கம்

"எவ்வளவு வரை இறங்குவார்கள்" என்பதற்கு ஒரே சதவீதம் கிடையாது. தள்ளுபடி எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி தரும் ஸ்கீம் ஒன்று; அது மாடலுக்கு மாடல் மாறும், அந்தக் காலத்தில் எல்லா டீலருக்கும் பெரும்பாலும் பொது. டீலர் தன் மார்ஜினிலிருந்து, அதாவது தன் லாபத்திலிருந்து, விடுவது இன்னொன்று. நீங்கள் பேசி வாங்க முடிவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். அதனால் "கம்பெனி ஸ்கீம் எவ்வளவு, உங்க பக்கத்துல இருந்து எவ்வளவு?" என்று பிரித்துக் கேளுங்கள். ஸ்கீமையே தன் பெரிய மனசாகக் காட்டும் சேல்ஸ்மேன் அங்கே மாட்டிக்கொள்வார். விளம்பரத்தில் "இவ்வளவு வரை தள்ளுபடி" என்று வரும் தொகையில் எக்ஸ்சேஞ்ச் போனஸ், லாயல்டி (அதே கம்பெனியின் பழைய வாடிக்கையாளருக்கு), கார்ப்பரேட் (சில நிறுவன ஊழியர்களுக்கு) எல்லாம் கூட்டியிருப்பார்கள். உங்களுக்குப் பொருந்தாததைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு.

மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி என்பதில் உண்மை உண்டு. இலக்கை எட்டினால் டீலருக்குக் கம்பெனி தனியாக ஊக்கத்தொகை தரும். அதற்கு நாலைந்து வண்டி குறையும்போது ஒரு வண்டியை மார்ஜின் இல்லாமலேகூட விடுவார். இலக்கை ஏற்கெனவே எட்டிவிட்டவர் 30-ம் தேதியானாலும் அசைய மாட்டார். ஆக, தேதியை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதைவிட யார்டில் நிற்கும் வண்டியின் வயசு முக்கியம். பெரும்பாலான டீலர்கள் கடன் வாங்கித்தான் ஸ்டாக் வைக்கிறார்கள். மூன்று மாதமாக நிற்கும் வண்டிக்கு நாள்தோறும் வட்டி ஓடுகிறது. யாரும் கேட்காத நிறம் உங்களுக்குச் சம்மதம் என்றால் அதைச் சொல்லுங்கள், அங்கேதான் நிஜமாக இறங்குவார்கள்.

போன வருடத் தயாரிப்பு என்றால் இன்னும் கீழே கேட்க வேண்டும். விற்கும்போது அது ஒரு வயசு கூடிய வண்டி. அந்த நஷ்டத்தையாவது தள்ளுபடி ஈடுகட்ட வேண்டும்.

காத்திருப்புப் பட்டியல் உள்ள மாடலுக்கு ரொக்கத் தள்ளுபடி கேட்டுப் பயன் இல்லை. அங்கே பேச வேண்டியது டெலிவரி தேதியும், கட்டாய ஆக்சஸரீஸ் இல்லாமல் தருவதும்.

ஸ்பானர்

விலை பேசி முடித்தபின் பணம் போகும் ஓட்டைகளைச் சொல்கிறேன். டயரில் நைட்ரஜன்: சாதாரணக் காற்றிலேயே 78% நைட்ரஜன்தான், காசு கொடுக்காதீர்கள். பெயிண்ட் கோட்டிங் வேண்டுமென்றால் டெலிவரிக்குப் பிறகு வெளியே விலை விசாரித்துப் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி உருப்படியானதுதான், ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்க விடுவார்கள். கடைசித் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு இன்று வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்ஷூரன்ஸுக்கு வெளியே ஒரு கொட்டேஷன் எடுங்கள். ஒப்பிடும்போது வண்டியின் காப்பீட்டு மதிப்பும் கூடுதல் கவர்களும் இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். மதிப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைவாகக் காட்டுவது பழைய வித்தை.

புக்கிங் படிவத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள். ஒன்று, "டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும்" என்பது. வண்டி யார்டில் இருந்தால் அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். மற்றது, முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்பது. பேசிய தள்ளுபடியும் "ஃப்ரீ" என்று சொன்னவையும் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டு, மேனேஜர் கையெழுத்து விழ வேண்டும்.

முழுப் பணம் கட்டுவதற்கு முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரிப்பு மாதம் பல கார்களில் கதவுத் தூணில் உள்ள தகட்டிலேயே இருக்கும். டயர்ப் பக்கவாட்டில் DOT வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3124 என்றால் 2024-ன் 31-வது வாரம். காரைவிடச் சில மாதம் மூத்த டயர் சகஜம். நாலில் ஒன்று மட்டும் வேறு ஆண்டு என்றால் காரணம் கேளுங்கள். பேனலுக்குப் பேனல் பெயிண்ட் நிறம், இடைவெளி, ஓடோமீட்டர், சேஸிஸ் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் மேலோட்டமான துரு ஓட்டினால் போய்விடும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் பேட்டரியைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

முதல்கியர்

எல்லோருக்கும் நன்றி. செய்தி அனுப்பிவிட்டேன். ஒருவர் 0% வட்டியில் 36 மாத லோன், அல்லது 6% ரொக்கத் தள்ளுபடி, ஏதாவது ஒன்றுதான் என்கிறார். வெளியே பேங்கில் 9% கிடைக்கும். எது லாபம்?

கணக்குச்சாவி

கார் 100, அதில் 50 கையிலிருந்து. 0% எடுத்தால் மொத்தம் 100. தள்ளுபடி எடுத்தால் கடன் 44; 9%-ல் தவணை 1.40, மூன்று வருடத்தில் 50.4 கட்டுவீர்கள். ஆக மொத்தம் 100.4. ஏறக்குறைய சமம்தான். 0% லோனுக்குப் பிராசஸிங் கட்டணம் கடன் தொகையில் சுமார் 0.7 சதவீதத்துக்கு மேல் போனாலோ, அவர்கள் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கினாலோ தள்ளுபடி பக்கம் சாய்ந்துவிடும். தள்ளுபடியை 6.3-க்கு மேல் ஏற்ற முடிந்தாலும் அப்படியே.

பேங்க் சொன்ன 9% ஃப்ளாட்டா (முதலில் வாங்கிய முழுக் கடனுக்கும் கடைசிவரை வட்டி), குறையும் நிலுவைக்கா (கட்டக் கட்ட மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேட்டீர்களா? ஐந்து வருடத்துக்கு 7% ஃப்ளாட் என்பது உண்மையில் சுமார் 12.5%. உங்களுடையது ஃப்ளாட் என்றால் யோசிக்காமல் 0% எடுங்கள்.

கவுண்டர்பக்கம்

ஒன்று மட்டும். ஸ்கீம் பெரும்பாலும் பில் போட்ட தேதியை வைத்துத்தான், புக் செய்த தேதியை வைத்து அல்ல. 31-ம் தேதிக்குள் பில் ஆக வேண்டுமென்றால் லோன் அனுமதி 25-க்குள் கையில் இருக்கட்டும். வண்டியின் சேஸிஸ் எண்ணையும் புக்கிங் படிவத்தில் எழுதி வாங்குங்கள்.