பிரான்ஸ் அம்பர் லிஸ்ற்றில இருந்தும் 10 நாள் வீட்டுக்குள்ள இருக்கோணுமாம், 24ஆம் திகதி பயணம், என்ன செய்யிறது?

ஹரோ_அக்கா | 17 ஜூலை 2021, சனி காலை

எல்லாருக்கும் வணக்கம். இரவு முழுக்க நித்திரை இல்லை, எழுதுறதில முன்னப்பின்ன இருந்தா குறை நினைக்காதேங்கோ. நாங்கள் லண்டனில ஹரோ பக்கம். வாற சனி 24ஆம் திகதி பாரிஸ் போறதுக்கு எல்லாம் புக் பண்ணி வச்சிருக்கிறம். முதல் மூண்டு நாள் லா கூர்நெவ்வில தம்பி வீட்ட, அம்மா அங்கதான் இருக்கிறா, 2019 நத்தாருக்குப் பிறகு நான் அம்மாவை நேரில காணேல்ல. பிறகு நோர்மண்டியில எத்ரத்தா பக்கம் கடற்கரையோட ஒரு வீடு நாலு நாளுக்கு எடுத்திருக்கு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறதெண்டு. ஆகஸ்ட் 1 ஞாயிறு திரும்பி வாறம்.

எனக்கும் இவருக்கும் கொரோனா ஊசி ரெண்டும் போட்டாச்சு. 19ஆம் திகதியில இருந்து அம்பர் நாட்டுக்கு (கொரோனாவுக்காக இங்கத்தைய அரசாங்கம் போட்ட பச்சை, அம்பர், சிவப்பு லிஸ்ற்றில நடுவில இருக்கிறது) போய் வந்தாலும் இங்க ரெண்டு ஊசி போட்டவை வீட்டில அடைஞ்சு இருக்கத் தேவையில்லை எண்டு போன கிழமை அறிவிச்சவை, அதை நம்பித்தான் மிச்சக் காசையும் கட்டினது. நேற்று வெள்ளி இரவு பார்த்தா பிரான்சுக்கு மட்டும் அது இல்லையாம், ஊசி போட்டிருந்தாலும் 10 நாள் இருக்கத்தான் வேணுமாம், அதுவும் மூண்டு நாள் கூட முழுசா இல்லாத நேரத்தில சொல்லுகினம்.

நான் வீட்டில இருந்து வேலை செய்யலாம். இவருக்கு சூப்பர்மார்க்கெற் வெயார்ஹவுஸ் வேலை, போகாட்டிச் சம்பளம் இல்லை. மகனுக்கு 12, மகளுக்கு 7. இன்னொண்டு, இவருக்குப் போட்டது இந்தியாவில செய்த அஸ்ட்ராசெனகா, காட்டில 4120-இசட் எண்டு பேட்ச் நம்பர் இருக்கு, அதைப் பிரான்சில ஏற்கமாட்டினம் எண்டு வேற ஆரோ சொல்லுகினம். இன்சூரன்சில காசு திரும்ப வருமோ? போறதோ விடுறதோ? தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

பலகணி | 17 ஜூலை, காலை

அக்கா, போன வருசம் இதே யூலையில நாங்கள் ஸ்பெயினில நிண்டனாங்கள், உங்கட பதிவை வாசிக்க அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. 25 ஜூலை 2020, சனிக்கிழமை. பிள்ளைகளைக் குளிக்க வார்த்துப்போட்டு சாப்பிட இருக்கேக்க போனுக்கு மெசேஜ் வருது, இண்டைக்கு இரவு 12 மணியில இருந்து ஸ்பெயினில இருந்து வாறவை எல்லாரும் 14 நாள் தனிமைப்படுத்தலாம். சில மணித்தியாலம்தான் இருந்தது, எந்த பிளைற்றைப் பிடிக்கிறது. போக்குவரத்து மந்திரி கிரான்ற் ஷாப்ஸே அப்ப குடும்பத்தோட ஸ்பெயினிலதான் நிண்டவர், அவருக்கும் அதே 14 நாள். மூண்டு கிழமை கழிச்சு பிரான்சுக்கும் அதேதான் நடந்தது, வியாழன் இரவு சொல்லி சனி விடிய 4 மணிக்கு அமுல், ஒரு நாள் இடைவெளியில கப்பலுக்கும் ரயிலுக்கும் சனம் அடிபட்டது.

அண்டைக்கு நான் விளங்கிக்கொண்டது இதுதான், நீங்கள் போற நாளில உள்ள சட்டம் உங்களுக்கு உதவாது, திரும்பி இங்க கால் வைக்கிற நேரத்தில என்ன சட்டமோ அதுதான் கணக்கு. அதால இண்டைக்கு லிஸ்ற்றில என்ன நிறம் எண்டு பார்த்து முடிவெடுக்காதேங்கோ. 10 நாள் அடைபட்டா எங்கட வீடு தாங்குமோ எண்டதை மட்டும் இருந்து கதையுங்கோ. தாங்குமெண்டா போங்கோ, இல்லாட்டித் திகதியை மாத்துங்கோ.

ரீடிங்_தம்பி | 17 ஜூலை, மதியம்

அக்கா நான் மதுரைக்காரன், சம்பளம் இன்சூரன்ஸ் ரெண்டும் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். வெளிநாடு போயிட்டு வந்ததுக்காக மட்டும் வீட்ல உட்கார்ந்தா அரசாங்கத்தோட சிக் பே, அதாவது உடம்பு சரியில்லாதப்ப கிடைக்கிற சம்பளம், கிடைக்காது. அதனால அண்ணன் மேனேஜர்கிட்ட முன்னாடியே பேசி இந்தப் பத்து நாளையும் லீவாவே எடுக்க முடியுமான்னு கேக்கணும், எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னா பின்னாடி பிரச்சினை வரும்.

இன்சூரன்ஸ் பத்தி நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. இந்த பச்சை, அம்பர், சிவப்பு லிஸ்ட் வேற, வெளியுறவு அலுவலகம் ஒரு நாட்டுக்குப் போகாதேன்னு சொல்றது வேற. பெரும்பாலான பாலிசி ரெண்டாவதைத்தான் பார்க்கும். போகக்கூடாதுன்னு அவங்க சொல்லாதப்ப, திரும்பி வந்து குவாரன்டைன் இருக்கணுமேன்னு நீங்களா கேன்சல் பண்ணா மனசு மாறிட்டீங்கன்னு எழுதி கைய விரிச்சிடுவாங்க. முதல்ல அவங்க பிரான்ஸ் பக்கத்தைப் படிங்க, அப்புறம் பாலிசியை எடுங்க. கேன்சல்னு வார்த்தையே விடாம தேதி மாத்த முடியுமான்னு ரயில், வீடு ரெண்டு இடத்துலயும் கேளுங்க.

இன்னொரு வழி இருக்கு. போனவங்க மட்டும்தான் தனியா இருக்கணும், போகாம வீட்ல இருந்தவங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல. அண்ணன் இங்கயே இருந்து வேலைக்குப் போகலாம், நீங்க பசங்களோட போயிட்டு வரலாம், ஸ்கூலும் லீவு.

கெண்ட்_ட்ரைவர் | 17 ஜூலை, பின்நேரம்

ஏன் இவ்வளவு யோசிக்கிறியள், காரில போய் ஜெர்மனியால சுத்தி வாங்கோ, ஜெர்மனியில இருந்து வாறம் எண்டு போமில போடுங்கோ. ஆர் பார்க்கப்போகினம்.

மருந்துக்கடை_அண்ணை | 17 ஜூலை, இரவு

தம்பி கெண்ட், கோவிக்காதேங்கோ, இப்பிடி ஆருக்கும் சொல்லாதேங்கோ. பசெஞ்சர் லொக்கேட்டர் போமில, அதாவது இங்க வர முன்னம் நிரப்பிற போமில, கடைசி 10 நாளில எந்தெந்த நாட்டில நிண்டனீங்கள் எண்டுதான் கேக்கிறது, கடைசியா எங்க இருந்து வெளிக்கிட்டியள் எண்டு மட்டும் இல்லை. பொய் எழுதிப் பிடிபட்டா பெரிய தண்டம், தனிமைப்படுத்தலை முறிச்சா 10,000 பவுண்ஸ் வரைக்கும் போகும். 

ஹரோ அக்கா, நான் பாமசியில வேலை செய்யிறன், தெரிஞ்சதைச் சொல்லுறன். ஊசி பேட்ச் விசயம், பயப்பிடாதேங்கோ. 4120 இசட் எண்டு வாறது இந்தியாவில சீரம் நிறுவனத்தில செய்தது, மால்ட்டாவில அதை வச்சு ஆக்களைத் திருப்பி அனுப்பினது உண்மைதான். ஆனா பிரான்ஸ் நாளையில இருந்து கோவிஷீல்டையும், அதாவது இந்தியாவில செய்த இந்த ஊசியையும், ஏற்கிறதெண்டு இண்டைக்கு அறிவிச்சிருக்கு. ஊசி போட்டதைக் காட்டிற என்.எச்.எஸ். பாஸைப் பேப்பரிலயும் எடுத்து வையுங்கோ, போன் சாஜ் இல்லாமல் போற நேரம் உதவும்.

ரெஸ்ற்றுக்கு வருவம். திரும்பி வர அங்க இருந்து வெளிக்கிட முன்னம் மூண்டு நாளுக்குள்ள ஒண்டு செய்யோணும், 11 வயசும் அதுக்கு மேலயும் எண்டா. ஆக உங்கட மகனுக்கு வேணும், மகளுக்கு வேண்டாம். பிரான்சில இந்த மாதம் 7ஆம் திகதியில இருந்து வெளிநாட்டுக்காரருக்கு இலவசம் இல்லை, அன்ரிஜன் 29 யூரோ, பி.சி.ஆர். 49. இங்க வந்தாப் பிறகு ரெண்டாம் நாளும் எட்டாம் நாளும் பி.சி.ஆர்., 5 வயசுக்கு மேல எல்லாருக்கும், மகளுக்கும். வந்து இறங்கிற நாள் சைபர், அடுத்த நாள்தான் ஒண்டு, இதிலதான் கனபேர் பிழை விடுறவை. ஐஞ்சாம் நாள் தனியாக் காசு கட்டி இன்னொரு ரெஸ்ற் எடுத்து நெகட்டிவ் வந்தா வெளியில வரலாம், அது இங்கிலாந்தில மட்டும்தான். என்.எச்.எஸ்.இல ரெண்டாம், எட்டாம் நாள் ரெஸ்ற் ரெண்டும் சேர்த்து ஆளுக்கு 170 பவுண்ஸ், நாலு பேருக்கும் கூட்டிப் பாருங்கோ. பிரைவேற்றில மலிவா இருக்கு, ஆனா ரிசல்ற் வராமல் கஷ்டப்பட்டவை எங்கட கடைக்கே வந்து அழுதிருக்கினம். வீட்டில சும்மா கிடக்கிற இலவச லற்றரல் ஃப்ளோ கிற்றைப் பயணத்துக்குப் பாவிக்கேலாது.

ஹரோ_அக்கா | 18 ஜூலை

எல்லாருக்கும் நன்றி. நாலு பேருக்கும் கணக்குப் போட்டா ரெஸ்ற் காசு மட்டும் ரயில் ரிக்கெற்றை விடக் கூடுது. இவரை விட்டிட்டு நானும் பிள்ளைகளும் போவம் எண்டு கதைச்சுப் பார்த்தம், அம்மா போனில சொன்னா, மருமகன் இல்லாமல் வாறதெண்டா நான் என்ன கடலைப் பார்க்கிறது எண்டு. வீட்டுக்காரரோட தம்பி பிரெஞ்சில கதைச்சவன், அந்த மனிசன் ஆகஸ்ட் 9க்குப் பிறகு ஒரு கிழமை தரலாம் எண்டிட்டார், ரயிலும் மாத்தியாச்சு. அதுக்குள்ள பிரான்சைத் திரும்ப விடுவினமோ எண்டதுதான் பயம்.

பலகணி | 29 ஜூலை

அக்கா, இந்தத் தடைக்கு கொரோனாவின்ர பேற்றா வகைதான் காரணம் எண்டு சொன்னவை எல்லோ, இண்டைக்கு வெளியுறவு மந்திரி டொமினிக் ராப் ரேடியோவில சொல்லியிருக்கிறார், அதில பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவுக் கணக்கும் சேர்ந்திருக்காம். ரியூனியன் இந்து சமுத்திரத்தில எல்லோ இருக்கு, எங்கட தமிழ்ச் சனத்தைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்ட தீவு, பாரிசில இருந்து 9,000 கிலோமீற்றருக்கு மேல. அங்க கூடினதுக்கு லா கூர்நெவ்வில இருக்கிற உங்கட அம்மாவை நீங்கள் பார்க்கேலாமல் போகுது, எனக்கு வயிறெரியுது. பிரெஞ்சு மந்திரி கிளெமோன் போன் இது பாரபட்சம் எண்டு சொன்னவர், அதில பிழை இல்லை.

ரீடிங்_தம்பி | 5 ஆகஸ்ட்

அக்கா பாத்தீங்களா, நேத்து ராத்திரி அறிவிச்சுட்டாங்க, 8ஆம் தேதி ஞாயிறு காலை 4 மணியிலருந்து பிரான்ஸும் சாதாரண அம்பர். ரெண்டு ஊசி போட்டவங்களுக்கு குவாரன்டைன் இல்ல, 18 வயசுக்குக் கீழ பசங்களுக்கும் இல்ல, எட்டாம் நாள் டெஸ்ட்டும் இல்ல. 4 மணிக்கு முன்னாடி வந்து இறங்கினவங்க மட்டும் பழைய கணக்குப்படி பத்து நாளை முடிக்கணும். போயிட்டு வாங்க அக்கா.

ஹரோ_அக்கா | 17 ஆகஸ்ட்

போய் வந்திட்டம். பின்னால போறவைக்கு உதவும் எண்டு எழுதுறன். நாங்கள் இறங்கின 9ஆம் திகதிதான் அங்க சாப்பாட்டுக்கடை, தூர ரயில் எல்லாத்துக்கும் பாஸ் வேணும் எண்டு தொடங்கினது, பேப்பரில எடுத்து வச்சது நல்லதாப் போச்சு, மருந்துக்கடை அண்ணைக்குக் கோடி நன்றி. மகனை ஒரு இடத்திலயும் கேக்கேல்ல. திரும்பி வாறதுக்கு ரெஸ்ற்றை வெள்ளிக்கிழமையே லா ஷப்பெல்லில ஒரு மருந்துக்கடையில செய்தம், ஏனெண்டா 15ஆம் திகதி ஞாயிறும் மாதா திருநாளும் ஒண்டா வந்தது, கனக்கக் கடை பூட்டு. பெயரும் பிறந்த திகதியும் பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே இருக்கோ எண்டு கடையிலயே நிண்டு பாருங்கோ, மகன்ர பெயரில ஒரு எழுத்து விட்டிட்டினம், திருத்த அரை மணித்தியாலம் போச்சு.

அம்மா நல்லா மெலிஞ்சு போனா. கடற்கரை முழுக்க உருண்டைக் கல்லு, கால் வைக்கக் கஷ்டம், இவர்தான் ஒரு பக்கம் பிடிச்சு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனவர். தண்ணியில கால் நனைச்சுக்கொண்டு கன நேரம் நிண்டா.

ஈஸ்ட்ஹாம்_பிள்ளை | 17 ஆகஸ்ட்

அக்கா, வாசிக்க அழுகை வந்திட்டுது. என்ர அப்பா யாழ்ப்பாணத்தில தனிய இருக்கிறார். இலங்கை யூன் 8இல இருந்து சிவப்பு. போய் வந்தா ஹொட்டேலில 10 நாள், தனி ஆளுக்கு 1,750 பவுண்ஸ் எண்டு இருந்தது, போன வியாழன் 12ஆம் திகதியில இருந்து 2,285 ஆக்கிப்போட்டினம், ரெண்டாவது ஆளுக்கு 1,430. ஆராவது கட்டிப் போய் வந்தனீங்களோ? வேற நாட்டில 10 நாள் நிண்டிட்டு வரேலுமோ?

மருந்துக்கடை_அண்ணை | 17 ஆகஸ்ட், இரவு

பிள்ளை, சட்டப்படி ஏலும். இலங்கையில இருந்து வெளிக்கிட்ட பிறகு சிவப்பில்லாத ஒரு நாட்டில முழுசா 10 நாளுக்கு மேல நிண்டிட்டு வந்தா ஹொட்டேல் இல்லை. ஆனா அந்த நாடு இலங்கையில இருந்து வாறவரை விடுதோ எண்டு முதல் பாருங்கோ, அந்த 10 நாளுக்குள்ள அந்த நாடும் சிவப்பானா ரெண்டும் கெட்டுப்போம். மெக்சிக்கோவில நிண்டவைக்கு இந்த மாதம் 8ஆம் திகதி அதுதான் நடந்தது. அப்பாவுக்கு அவசரம் இல்லையெண்டா கொஞ்சம் பொறுங்கோ, மூண்டு கிழமைக்கு ஒருக்கா லிஸ்ற்றைப் பார்க்கினம். அப்பாவுக்கு அவசரமோ பிள்ளை?